எங்கள் சந்தேகத்துக்குக் கணக்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயில் பாதை, அணுமின் நிலையம் போன்ற பெருந்திட்டங்களை அரசு அறிவிக்கும்போதெல்லாம் மக்கள் நம்ப மறுக்கிறார்கள் என்றும், அறியாமையும் வதந்தியுமே இதற்குக் காரணம் என்றும் கூறும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் படித்தேன். கட்டுரையாளர் விஷயம் தெரிந்தவர். அவர் தந்திருக்கும் தொழில்நுட்ப விளக்கங்களில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் சந்தேகப்படுகிறவனை விவரம் தெரியாதவன் என்று அவர் முடிவு கட்டுகிறாரே, அங்கேதான் எனக்கு வருத்தம். செங்கோட்டையை அடுத்த பிரானூரில் மரக்கடை ஒன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். தவணை சொல்லிவிட்டுத் தவறியவரின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பது எங்கள் தொழில் வழக்கம். மூன்று புள்ளி விழுந்தவருக்கு முதலாளி கடன் கொடுக்க மாட்டார். அந்த ஆள் கெட்டவர் என்று அதற்குப் பொருள் இல்லை. அவர் சொல்லும் தேதியை நம்பி நாங்கள் இன்னொருவருக்குத் தேதி சொல்ல முடியாது என்பதுதான் பொருள்.

இதே பழக்கத்தில், எங்கள் பகுதிக்கு வரப்போவதாகச் சொல்லப்பட்ட திட்டங்களையும் அவற்றுக்குச் சொல்லப்பட்ட தேதிகளையும் பழைய பேரேடு ஒன்றின் கடைசிப் பக்கங்களில் குறித்து வந்திருக்கிறேன். கோபத்தில் தொடங்கிய வேலை அன்று. கேரளத்திலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் ‘ரயில் எப்போது ஓடும்’ என்று என்னிடம் கேட்பார்கள். பதில் சொல்ல ஏதாவது கையில் இருக்கட்டும் என்று எழுதத் தொடங்கினேன்.

அவர்கள் கேட்ட ரயில், செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லம் செல்லும் வண்டி. இந்தப் பாதை 1904-இல் திறக்கப்பட்டபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-இல் மாநில எல்லை மாறி நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகும் எங்கள் வியாபாரமும் கல்யாணமும் இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் போய் வந்தன. புளியங்குடி எலுமிச்சை மூட்டையும், கீரைக் கட்டும், பூக்கூடையும் ஏற்றிக்கொண்டு காலை மீட்டர்கேஜ் வண்டியில் பெண்கள் புனலூருக்குப் போவார்கள். பகவதிபுரம் தாண்டிக் குகை இருட்டுக்குள் வண்டி நுழையும்போது குழந்தைகள் கூச்சலிடும். ஆரியங்காவில் சட்டென்று குளிர் காற்று அடிக்கும். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்து செல்லும்போது கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் தீப்பெட்டிபோலத் தெரியும். அகலப்பாதையாக மாற்றுவதற்காக இந்த மலைப்பகுதியை 2010 செப்டம்பரில் மூடினார்கள். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தூரம்தான். அது முழுவதும் மீண்டும் திறக்கப்பட்டது 2018 ஜூனில்.

அந்த எட்டு ஆண்டுகளில் எத்தனை தேதி சொன்னார்கள் என்பதை எண்ணிச் சொல்லி யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்பவில்லை. மலைக் குகைகளை அகலப்படுத்துவது எளிய வேலை அன்று. நூறாண்டு பழைய பாலத்தின் கல் தூண்களுக்குக் கான்கிரீட் கவசம் இட்டு, பாலத்தை இடிக்காமலேயே காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தவர்கள் பாராட்டாமல் இருக்க முடியாது. எங்கள் குறை வேறு. வேலை ஏன் நின்றது, பணம் வரவில்லையா, வனத்துறை அனுமதி தாமதமா, ஒப்பந்தக்காரர் போய்விட்டாரா என்பதை அந்த எட்டு ஆண்டுகளில் ஒரு நாளாவது செங்கோட்டை நிலையத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டியதை நான் பார்க்கவில்லை. நிலைய அலுவலரிடம் கேட்டால் கட்டுமானப் பிரிவைக் கேளுங்கள் என்பார்; அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் கையை வடக்குப் பக்கம் காட்டுவார். தண்டவாளம் பிடுங்கிய மேட்டில் ஆடு மேய்ந்தது. பூக்கூடைப் பெண்கள் முதலில் பேருந்தில் போனார்கள், பிறகு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வேன் பிடித்தார்கள், பிறகு பலர் அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டார்கள். 2018-இல் வண்டி திரும்பி வந்தபோது அவர்கள் திரும்பி வரவில்லை. திட்டச் செலவு எவ்வளவு ஏறியது என்று அரசின் ஏட்டில் எழுதுவார்கள்; இந்த நஷ்டத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

என் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். 2014 வாக்கில், சலித்துப்போய், ‘இனி இந்தப் பாதை வராது’ என்று பேரேட்டில் எழுதி அடிக்கோடு இட்டேன். வந்தது. கொல்லத்திலிருந்து சென்னைக்கு நேராக வண்டி ஓடுகிறது, பாலருவி விரைவு வண்டி மலை ஏறி இறங்குகிறது, 2024-இல் மின்மயமாக்கலும் முடிந்தது. ஆகவே சந்தேகப்படுகிறவன் எப்போதும் சரி என்று வாதாட நான் வரவில்லை. தவறிய தேதிக்கு யாரும் விளக்கம் சொல்லாத இடத்தில், என்னைப்போன்ற ஒரு கணக்கன் ஊகத்தை எழுதிவைக்கிறான். சில சமயம் அந்த ஊகம் பொய்த்துப் போகிறது.

எங்கள் பாதையாவது வந்து சேர்ந்தது. வராத பாதைகளின் கதை வேறு மாதிரி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கும், ஆந்திர எல்லையிலுள்ள நகரிக்கும் புதிய பாதைகள் 2006-07 ரயில்வே பட்ஜெட் காலத்தவை. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் செல்லும் கடலோரப் பாதை, ஈரோடு - பழனி, அத்திப்பட்டு - புத்தூர் எல்லாம் பல பட்ஜெட்டுகளைப் பார்த்தவை. இவற்றில் பலவற்றுக்குச் சில ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகை ஆயிரம் ரூபாய். ஆயிரம் கோடி என்று படித்துவிட வேண்டாம்; எங்கள் ஊரில் ஒரு கன அடி நல்ல தேக்குக்குக்கூடப் போதாத ஆயிரம் ரூபாய்தான். திட்டத்தின் பெயர் ஏட்டிலிருந்து விழுந்துவிடாமல் இருக்க அடையாளமாக வைக்கும் தொகை என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். கணக்கு வழக்கில் அது முறையாகவே இருக்கலாம். ஆனால் வராக்கடனைத் தள்ளுபடி செய்யவும் மனம் இல்லாமல், வசூலிக்கவும் முயலாமல், ஆண்டுதோறும் அடுத்த ஏட்டுக்கு எடுத்துச் செல்லும் கடைக்காரரை ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

2025 ஜனவரியில் நடந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் புதிய பாதையை மாநில அரசின் விருப்பப்படி கைவிட்டுவிட்டதாக ரயில்வே அமைச்சர் சென்னையில் சொன்னார். மாநில அரசு மறுத்தது. சில நாள் கழித்து, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைச் சத்தத்தில் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை, அவர் சொன்னது தனுஷ்கோடிப் பாதையைப் பற்றி என்று ரயில்வே விளக்கம் தந்தது. காது தவறுவது யாருக்கும் நேரும். நான் கவனித்தது வேறு ஒன்றை. அந்தச் சில நாள்களில் விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர்கூட அந்தச் செய்தியைக் கேட்டு வியப்படையவில்லை. நூற்று நாற்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஒரு பாதை கைவிடப்பட்டது என்று கேட்டும் மக்கள் ‘அப்படியா’ என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறார்கள் என்றால், நம்பிக்கை எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு வேறு கருத்துக்கணிப்பு வேண்டியதில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் சந்தேகம் வேறு முகம் காட்டியது. திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோட்டுக்கு நான்கு மணி நேரத்தில் போகும் சில்வர்லைன் திட்டத்துக்கு, சுமார் 530 கிலோமீட்டருக்கு 63,941 கோடி ரூபாய் என்று கேரள அரசு மதிப்பிட்டது. செங்ஙன்னூரிலிருந்து எங்கள் கடைக்குப் பலகை எடுக்க வரும் ஒரு வியாபாரி, தன் வீட்டு முற்றத்தின் ஓரத்தில் பாதையை அளக்க வந்தவர்கள் மஞ்சள் நிற அடையாளக் கல் ஒன்றை நட்டுவிட்டுப் போனதைப் படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டினார். அவர் அன்றைய ஆளும் கட்சிக்கே வாக்களிப்பவர். விரைவு ரயில் வேண்டும் என்று வாதாடுபவரும்கூட. அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: ‘இந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் என் வீடு, எந்தப் பக்கம் ரயில்?’ அதற்குப் பதில் சொல்ல வேண்டிய விரிவான திட்ட அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2022 ஜனவரியில். அதற்கு முன்பே பல ஊர்களில் கல் நடத் தொடங்கிவிட்டார்கள். அறிக்கை முதலில் வந்து கல் பின்னால் வந்திருந்தால் எதிர்ப்பே இருந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். பிடுங்கி எறிந்த கற்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும் என்று மட்டும் சொல்வேன். அந்த வியாபாரி வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்கப் போன இடத்தில், கல்லைப் பற்றித் தெளிவு கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வராத ரயில் அவரை ஓராண்டு முழுவதும் நிறுத்திவைத்தது.

ரயிலைப் பற்றிய சந்தேகம் பெரும்பாலும் ‘வருமா’ என்பது. அணு உலையைப் பற்றியது ‘வந்தால் என்ன ஆகும்’ என்பது. கட்டுரையாளர் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார். ஆனால் எங்கள் பக்கத்துக்காரர்கள் கூடங்குளத்தை இந்த இரண்டு விதமாகவும் சந்தேகித்தவர்கள் என்பதால், அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2012-ஆம் ஆண்டு மின்வெட்டை இளைஞர்கள் மறந்திருக்கலாம்; மரம் அறுக்கும் ஆலையில் இருந்தவர்கள் மறக்க முடியாது. பட்டை ரம்பம் முழு வேகத்தில் ஒரு பெரிய அடிமரத்தைப் பாதி கிழித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போய்விடும். ரம்பம் மரத்துக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். கீறலில் ஆப்பு அடித்து, மரத்தைப் பிளந்து பிடித்து, பட்டையை மெல்ல வெளியே எடுப்பதற்குள் இரண்டு ஆளுக்கு அரை மணி நேரம் ஆகும். பட்டை முறுக்கிக்கொண்டால் அன்றைய கூலியும் போயிற்று. ஒரு நாளில் இப்படி நான்கைந்து முறை. அந்த நேரத்தில் கூடங்குளத்தை யார் எதிர்த்தாலும் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தது; எனக்கும்தான். உலை இதோ தொடங்கிவிடும், இன்னும் பதினைந்து நாளில் மின்சாரம் என்று அன்றைய மத்திய இணை அமைச்சர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். முதலில் நாங்கள் நாள் எண்ணினோம். பிறகு, கடைக்குப் பாக்கி வைத்தவர்கள் தவணை கேட்கும்போது ‘கூடங்குளம் பதினைந்து நாளா?’ என்று கேட்கும் அளவுக்கு அது கேலியாகிவிட்டது. திட்டத்தை எதிர்த்தவர்கள் உண்டாக்கிய சந்தேகத்தைவிட, திட்டத்தை ஆதரித்த எங்களிடையே அந்தப் பதினைந்து நாள் உண்டாக்கிய சந்தேகம் பெரிது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்.

தேதிகளை அடுக்கிப் பார்ப்போம். சோவியத் ஒன்றியத்துடன் கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் ஆனது 1988-இல். அந்த நாடே 1991-இல் இல்லாமல் போனதால் 1998-இல் மீண்டும் பேசி முடித்தார்கள். 2002-இல் கட்டுமானம் தொடங்கியது. முதல் உலை 2007 இறுதியில் ஓட வேண்டும் என்று குறித்தார்கள். உலைக்குள் அணுப்பிளவுத் தொடர்வினை தொடங்கியது 2013 ஜூலை, வணிக உற்பத்திக்கு வந்தது 2014-இன் கடைசி நாள். இரண்டு உலைகளுக்கும் சேர்த்து 13,171 கோடி என்ற மதிப்பீடு 22,462 கோடியானது. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அதிவேக ஈனுலைக்கு (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) 2004-இல் அடித்தளம் இட்டபோது 2010-இல் முடியும் என்றார்கள். அதன் உலைக்குள் எரிபொருள் நிரப்பும் பணியின் தொடக்கத்தைப் பிரதமர் வந்து பார்த்தது 2024 மார்ச்சில். நாடு முழுமைக்கும் எடுத்துக்கொண்டால், 2000-ஆம் ஆண்டுக்குள் 10,000 மெகாவாட் என்றார்கள். அந்த ஆண்டில் மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை. 2020-க்குள் 20,000 என்றார்கள்; 6,780-இல் நின்றது. இப்போது 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் என்று 2025-26 பட்ஜெட் சொல்கிறது. அந்தப் பட்ஜெட் வந்தபோது கையில் இருந்தது ஒன்பதாயிரத்துக்கும் குறைவு.

இந்தத் தாமதங்களில் பலவற்றுக்கு நேர்மையான காரணம் உண்டு. 1974-இல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்திய பிறகு வெளிநாட்டுத் தொழில்நுட்பமும் எரிபொருளும் மூடப்பட்டன. 2008-இல் தடை விலகும்வரை யுரேனியத் தட்டுப்பாட்டிலேயே நமது விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள். அந்த நெருக்கடியிலும் கல்பாக்கத்து முதல் உலைகளை இந்தியப் பொறியாளர்களே கட்டி 1980-களில் ஓடவைத்ததில் எனக்குப் பெருமை உண்டு. கடனாளிக்கு வெள்ளத்தில் பயிர் போய்விட்டது என்றால் எந்த முதலாளியும் இன்னொரு தவணை கொடுப்பார். ஆனால் வெள்ளத்தைப் பற்றி வாய் திறக்காமல், முந்தைய தவணையைவிட ஐந்து மடங்கு பெரிய தொகைக்குப் புதிய தவணை எழுதிக்கொடுக்கிற கடனாளியை என்ன செய்வது?

இனி இரண்டாவது சந்தேகம். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி 1989-இல், பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதியே இல்லாத காலத்தில் தரப்பட்டது. சட்டப்படி அது சரி. ஆனால் 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த, கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மீனவர், எங்களிடம் யாரும் கேட்கவில்லையே என்று சொன்னால் அதுவும் உண்மைதான். உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இடத் தேர்வு அறிக்கையையும் வெளியிடுமாறு 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. பாதுகாப்பானது என்று உரக்கச் சொன்ன நிறுவனம், எப்படிப் பாதுகாப்பானது என்று சொல்லும் காகிதத்தை வெளியே விட மனமில்லாமல் நின்றது. கேள்வி கேட்டவர்களுக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறது என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோக வழக்குப் பதிவானது. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினி ஒன்றில் தீநிரல் (கணினியை வேவு பார்க்கும் கள்ள நிரல்) புகுந்ததாகச் செய்தி பரவியபோது, முதல் நாள் அப்படி எதுவும் இல்லை என்றது நிலையம். மறுநாள் ஆம், நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் இருந்தது, உலைக் கட்டுப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது நிலையத்தை நடத்தும் அணுமின் கழகம். இரண்டாம் நாள் சொன்னதை முதல் நாளே சொல்லியிருந்தால் மக்கள் அமைதியாக ஏற்றிருப்பார்கள். ஒரு நாள் இடைவெளியில் உண்மையின் மதிப்பு பாதியாகிவிட்டது.

பாம்பன் புதிய பாலத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரலில் திறப்பதற்கு முன்பே, ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாலத்தை ஆய்வு செய்து, திட்டமிடலிலேயே குறைகள் இருந்ததாகக் கடுமையாக எழுதினார்; வேகத்துக்குக் கட்டுப்பாடு வைத்துத்தான் அனுமதி தந்தார். அந்த அறிக்கை செய்தித்தாள்களில் வந்தது. அதைப் படித்துவிட்டுப் பயந்து ராமேசுவரம் போகாமல் இருந்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. நான் குடும்பத்துடன் போனேன். குறை சொல்ல ஒருவர் இருக்கிறார், அவர் சொன்னதை மறைக்கவில்லை என்பதால்தான் தைரியமாக ஏறினேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தப் பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். ரயிலை ஓட்டுகிறவரிடம் சம்பள உயர்வுக்குக் கை கட்டி நிற்க வேண்டியவர் ரயிலைப் பரிசோதிக்கக் கூடாது என்று முன்னோர் யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

அணு உலைகளைக் கண்காணிக்க 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு அப்படி ஒரு தூரம் வைக்கப்படவில்லை. வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்லும் நிலையே இருந்துவந்தது. ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலர். உலைகளை நடத்தும் அணுமின் கழகமும் அதே துறையின் கீழ்தான். இது சரியன்று என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-இல் எழுதினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்திருக்கிறது. அதே சட்டம் தனியார் நிறுவனங்களும் அணுமின் துறைக்குள் வர வழி திறந்திருக்கிறது. சட்டத் தகுதி நல்ல தொடக்கம்தான். வாரியம் பாம்பன் அறிக்கையைப்போல ஒன்றைத் தானே எழுதி, தானே வெளியிட்டு, அதற்காக யாரும் இடமாற்றம் செய்யப்படாமல் இருக்கும் நாளில் என் பேரேட்டில் அதையும் குறித்துக்கொள்வேன்.

சந்தேகம் திட்டங்களைக் கெடுக்கிறது என்று கட்டுரையாளர் சொல்வதற்கு எங்கள் பக்கத்திலேயே மறுப்பு இருக்கிறது. கூடங்குளத்துக்குத் தண்ணீர் பேச்சிப்பாறை அணையிலிருந்து என்பதே முதலில் போட்ட திட்டம். கன்னியாகுமரி மாவட்ட விவசாயிகள் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று நிலையம் கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகளைக் கட்டி அதைப் பயன்படுத்துகிறது. பேச்சிப்பாறைத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. அன்று சந்தேகப்பட்டவர்கள் வாயை மூடியிருந்தால், மழை பொய்த்த ஆண்டுகளில் உலைக்கும் நெல்லுக்கும் சண்டை வந்திருக்கும்.

எடமண்ணின் கதையும் அப்படித்தான். எங்கள் செங்கோட்டை - புனலூர் பாதையில் புனலூருக்குச் சற்று முன்னால் வரும் சிறிய நிலையம் அது. கூடங்குளத்து மின்சாரத்தைக் கொச்சிக்குக் கொண்டுபோகும் 400 கிலோவோல்ட் தடம் புறப்படும் இடமும் அதுவே. முதல் இரண்டு உலைகளில் கேரளத்தின் பங்கு 266 மெகாவாட். உலை 2013-இல் மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. எடமண் - கொச்சி தடமோ 2019-இல்தான் முடிந்தது. ரப்பர்த் தோட்டத்தின் மேல் கம்பி போவதால் மரத்தை இழப்பவர்கள், பழைய விலையில் இழப்பீடு வாங்க மறுத்து ஆண்டுக்கணக்கில் வேலையை நிறுத்திவைத்தார்கள். இழப்பீடு உயர்ந்த பிறகு கோபுரங்கள் எழுந்தன. மரத்தின் விலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பால் வடிக்கும் ரப்பர் மரம் ஒன்றுக்கு முதலில் சொன்ன தொகையைக் கேட்டால் எங்கள் கடைப் பையன்கூடச் சிரித்திருப்பான். ஒரு நியாயமான விலையை முதல் ஆண்டிலேயே சொல்லியிருந்தால் எத்தனை ஆண்டு மிச்சமாகியிருக்கும்!

இதைச் சொல்லும்போது, வெறும் வாய்ப்பேச்சுச் சந்தேகத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எந்தத் திட்டம் என்றாலும் ‘எல்லாம் கமிஷன் அடிக்கத்தான்’ என்று தேநீர்க் கடையில் உட்கார்ந்து சொல்பவர்கள் இருக்கிறார்கள். எதையும் படிக்காமலே எதிர்ப்பவர்களும் உண்டு. படித்துவிட்டுச் சந்தேகப்படுகிறவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கினால், படிக்காமல் சந்தேகப்படுகிறவர்களின் பேச்சு எடுபடாமல் போய்விடும். இப்போது இருவருக்கும் கிடைப்பது ஒரே பதில்தான்: வளர்ச்சிக்கு விரோதி.

ஆகவே அரசுகளிடம் ஒரு கணக்கனின் கோரிக்கையை வைக்கிறேன். ஒவ்வொரு பெருந்திட்டத்துக்கும் ஆண்டுக்கு ஒரு தாள் போதும். முதலில் சொன்ன தேதி, இப்போதைய தேதி, முதலில் சொன்ன தொகை, இதுவரை செலவான தொகை, தாமதத்தின் காரணம், இந்த ஆண்டு யாருடைய நிலத்தைத் தொடப்போகிறார்கள் என்ற விவரம். தமிழில் இருக்க வேண்டும். எல்லைப் பகுதி என்றால் மலையாளத்திலோ தெலுங்கிலோகூட. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் 2020 வரைவையே ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டுவிட்டு, 22 மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லும் நிலை வந்தது என்றால், கூடங்குளம் இருக்கும் ராதாபுரம் வட்டத்து மீனவருக்கு நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தமிழில் சில பக்கச் சுருக்கத்தைக் கொடுத்துவிட்டு, நீங்கள் அறிக்கையை முழுமையாகப் படிக்கவில்லை என்று மேடையிலிருந்து குறை சொல்வது முறையன்று. அணு உலை என்றால் அந்த ஒரு தாளில் இன்னொரு வரியும் வேண்டும்: அந்த ஆண்டில் உலை எத்தனை நாள் நின்றது, ஏன் நின்றது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். பட்ஜெட் மறுநாள் புதிய அறிவிப்புகளை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வெளியிடுகிறீர்கள். அதே நாளில், உள்பக்கத்தில் ஒரு மூலையிலாவது, ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் நீங்கள் வெளியிட்ட அறிவிப்புகள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். என் பேரேட்டில் இருக்கும் குறிப்புகள் பயன்படும் என்றால் பிரதி எடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். 2014-இல் நான் தவறாக எழுதி, 2018-இல் அடித்துவிட்ட வரியும் அதில் இருக்கும். அதையும் சேர்த்தே அச்சிடலாம்.

இப்படிக்கு,
செங்கோட்டை வாசகர் ஒருவர்